குணா குகையும் கமல் குரலும்: கொஞ்சம் ஃபிசிக்ஸ், நிறைய ஃபேன்டம்

கொடைக்கானல் போயிருக்கீங்களா? போயிருந்தா பைன் காடு, தூண் பாறை, குணா குகைன்னு அந்த ரூட் உங்களுக்கு மனப்பாடம். குணா குகை வாசல்ல என்ன நடக்கும்னும் தெரியும். மரத்தோட வேரெல்லாம் தரைக்கு மேல பின்னிக் கிடக்குற இடத்துல எல்லாரும் ஒரு ஃபோட்டோ எடுப்போம். அப்புறம் கம்பி வேலி வரைக்கும் போவோம். அங்க நின்னு யாராவது ஒருத்தர் கண்டிப்பா "அபிராமீ..."ன்னு கத்துவார். அவர் கத்தினதும் பின்னாடி வர்ற இன்னொரு கும்பலும் கத்தும்.

ஐ.வி.ங்கிற பேர்ல நாங்க போனப்பவும் இதேதான். ஒரு பஸ் நிறைய பேர் மாத்தி மாத்திக் கத்தினோம். திரும்பி வந்தது பேரே இல்லை, கொழகொழன்னு ஒரு சத்தம். பஸ்ல திரும்பி வரும்போது ஹெட்போன்ல 'கண்மணி அன்போடு காதலன்' போட்டேன். நூறு தடவைக்கு மேல கேட்ட பாட்டு. அன்னைக்குத்தான் ஒரு விஷயம் உறைச்சுது. அந்தப் பாட்டோட பெரும்பகுதியில கமல் கத்தறதே இல்லை. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஒருத்தர்கிட்ட பேசுற மாதிரி பேசுறார். கடைசியில உணர்ச்சி ஏறும்போதுதான் குரலும் ஏறுது. நாம எல்லாரும் குகை வாசல்ல போய் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் காப்பி அடிக்கிறோம்.

இந்தக் கட்டுரை கமல்ஹாசனோட குரலைப் பத்தி. நடிப்பு, டான்ஸ், மேக்கப் பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதியாச்சு. நான் காதுக்கு வர்றதை மட்டும் எடுத்துக்கிறேன். நீங்க கமல் ஃபேனா இருக்கணும்னு அவசியம் இல்லை. அடுத்த மாசம் சிம்போசியத்துல மைக் பிடிக்கப்போற ஆளா இருந்தாலே போதும்.

முதல்ல குகை

அந்த இடத்தோட பழைய பேர் டெவில்ஸ் கிச்சன், பேயோட சமையல்கட்டு. 1821ல பழனி மலையை சர்வே பண்ண வந்த பி.எஸ். வார்டுங்கிற ஆங்கிலேய அதிகாரி இதைப் பத்திக் குறிச்சு வச்சதா சொல்றாங்க. 1991 தீபாவளிக்கு 'குணா' வந்தது. சந்தானபாரதி இயக்கம், இளையராஜா இசை, பாலகுமாரன் வசனம். படத்தோட முக்கியமான காட்சிகளை இங்க எடுத்ததால, பேயோட பேர் போய் குணாவோட பேர் ஒட்டிக்கிச்சு.

இது உள்ளே போனா பெரிய ஹால் மாதிரி விரியுற குகை கிடையாது. பெரிய பாறைத் தூண்களுக்கு நடுவுல இருக்கிற ஆழமான இடுக்குகள். இங்கதான் ஃபிசிக்ஸ் ஆரம்பிக்குது.

சத்தத்தோட வேகம் காத்தோட வெப்பநிலையைப் பொறுத்தது. ஈஸி ஃபார்முலா: 331 கூட்டல் 0.6 பெருக்கல் டிகிரி செல்சியஸ். கொடைக்கானல் சாயங்காலம் 12 டிகிரின்னு வச்சுக்கோங்க, செகண்டுக்கு சுமார் 338 மீட்டர் வரும். நீங்க கத்தின சத்தம் 0.1 செகண்டுக்கு அப்புறம் திரும்பி வந்தாத்தான் காது அதைத் தனி எதிரொலின்னு பிரிச்சுக் கேட்கும். போய்வர ரெண்டு வழி, அதனால பாறை குறைஞ்சது 17 மீட்டர் தள்ளி இருக்கணும். அதை விடக் கிட்ட இருந்தா, திரும்பி வர்ற சத்தம் நீங்க பேசுறதோட ஒட்டிக்கும். இதுதான் ரிவெர்ப், தமிழ்ல எதிர்முழக்கம்.

இடுக்குல பாறை ரொம்பக் கிட்ட இருக்கு. கருங்கல் மாதிரியான கெட்டிப் பாறை, மேல ஈரம் வேற. அது உறிஞ்சுறது கொஞ்சூண்டு, மீதியைத் திருப்பி அனுப்பிடும். ஒரு எழுத்து பாறையில பத்துத் தடவை மோதி முடியறதுக்குள்ள அடுத்த எழுத்து வந்துடும். எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழும். சத்தமா கத்தினா என்ன ஆகும்? முதல் எழுத்தும் சத்தமா வரும், அது விட்டுட்டுப் போற முழக்கமும் அதே அளவு சத்தமா இருக்கும். அதனால தெளிவு கூடவே கூடாது.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) பார்த்தவங்களுக்கு இது புரியும். 2006ல கேரளாவுல இருந்து வந்த நண்பர்கள்ல ஒருத்தர் அங்க குழிக்குள்ள விழுந்து, இன்னொருத்தர் கயிறு கட்டி இறங்கிக் காப்பாத்தின உண்மைக் கதை. படத்துல மேல நிக்கிறவங்க எல்லாரும் சுபாஷ் பேரைக் கத்திக்கிட்டே இருப்பாங்க. உள்ளே இருந்து ஒரு முனகல் வரும். அது எங்க இருந்து வருது, எவ்வளவு ஆழம், ஒண்ணும் பிடிபடாது. நம்ம காது திசையைக் கண்டுபிடிக்கிறது ரெண்டு காதுக்கும் சத்தம் வந்து சேர்ற மைக்ரோ செகண்ட் வித்தியாசத்தை வச்சுத்தான். நாலு பாறையில இருந்தும் சத்தம் வந்தா அந்தக் கணக்கு குழம்பிடும். "உயிரோட இருக்கான்"ங்கிற ஒரே தகவலைத்தான் அந்தக் குரலால மேல கொண்டு வர முடிஞ்சுது. அதுக்காகத்தான் ஒருத்தர் இறங்கினார். ரெண்டு பேரும் மேல வரும்போது தியேட்டர்ல கமல் குரல் ஒலிச்சப்ப, மலையாளப் படத்துக்குத் தமிழ்நாடே எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. நானும் தட்டினேன், வெட்கமில்லாம அழுதுக்கிட்டே.

அதனால ஒரு வேண்டுகோள். அந்த வேலி சும்மா போட்டது இல்லை. அந்த இடுக்குகள்ல விழுந்து உயிர் விட்டவங்க நிறைய பேர். ரீல்ஸுக்காகத் தாண்டாதீங்க. உள்ளே விழுந்தா உங்க குரல் மேல வரும்னு நம்பாதீங்க.

பாட்டுக்குள்ள என்ன பண்றார்?

இப்போ பாட்டு. சூழ்நிலை தெரியும்ல? குணாவுக்கு எழுதத் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல அவ எழுதணும். அவன் சொல்றது சாதாரணப் பேச்சு, அவ வாசிக்கும்போது அது வாலியோட வரியா, எஸ். ஜானகி குரல்ல பாட்டா மாறிடும். கமல் பேசுறார், ஜானகி பாடுறாங்க. அப்புறம் கமலும் பாட ஆரம்பிக்கிறார்.

கேசட்டுல கேட்டாலும் அந்தப் பேச்சு இருக்கும். அதாவது படத்துல பின்னாடி ஒட்டின வசனம் இல்லை, பாட்டோட ஒரு பாகம். தாளம் ஓடிக்கிட்டே இருக்கும்போது, தாளத்துக்குள்ள உட்காராத மாதிரி பேசணும், ஆனா சரியான இடத்துல முடிச்சு ஜானகியம்மா கையில கொடுக்கணும். நீங்க ஒரு கரோக்கி போட்டு அதே பேச்சைப் பேசிப் பாருங்க. ஒண்ணு ரெண்டு வார்த்தை சீக்கிரம் முடிச்சிடுவீங்க, இல்லன்னா பல்லவி உங்க மேல ஏறிடும். நான் பதினஞ்சு தடவை ட்ரை பண்ணினேன். ஹாஸ்டல் ரூம்மேட் பில்லோவைத் தூக்கி எறிஞ்சான்.

கவனிக்க வேண்டியது மூணு விஷயம்.

ஒண்ணு, இடைவெளி. சின்னச் சின்னத் துண்டா பேசுறார். ஒரு துண்டு, கொஞ்சம் சும்மா, அடுத்த துண்டு. குணாவுக்கு வார்த்தை கிடைக்கலைங்கிறது அந்தச் சும்மா இருக்கிற நேரத்துலதான் தெரியுது. முன்னாடி சொன்ன ரிவெர்ப் கணக்கையும் சேர்த்துப் பாருங்க. முழக்கம் உள்ள இடத்துல பேசுறதுக்கும் இதுதான் சரியான முறை: ஒரு துண்டு பேசி, அது அடங்குற வரைக்கும் காத்திருந்து, அடுத்தது.

ரெண்டு, கிட்டத்தனம். ஒரு பக்கம் மட்டும் நல்லா கேட்கிற மைக்கை டைரக்‌ஷனல் மைக்னு சொல்வோம். அதுல வாய் கிட்டப் போகப்போக அடிநாதம் தடிமனா ஏறும். இதுக்கு ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட்னு பேர். ரேடியோக்காரங்க குரல் 'காதுக்குள்ள' கேட்கிறதுக்கு இது ஒரு காரணம். ஆனா கிட்டப் போய் கத்தினா மைக் உடைஞ்ச மாதிரி கேட்கும். மெதுவா பேசத் தெரிஞ்சவங்களாலதான் கிட்டப் போக முடியும்.

மூணு, பேச்சுல இருந்து பாட்டுக்குப் போற படி. பேசும்போது சுருதி வழுக்கிக்கிட்டே இருக்கும், ஒரு இடத்துல நிக்காது. பாடும்போது ஸ்வரத்துல நிக்கும். அந்தப் பாட்டுல கமல் எந்த வார்த்தையில வழுக்கறதை நிறுத்திட்டு நிக்க ஆரம்பிக்கிறார்னு தேடுங்க. எனக்கு ஒவ்வொரு தடவையும் வேற வேற இடம் தோணுது.

ஒரே தொண்டை, ஊர் ஊரா தமிழ்

நான் எல்.கே.ஜி.ல இருந்து இங்கிலீஷ் மீடியம். வீட்ல பேசுற தமிழ் ஒண்ணுதான் தெரியும், அதுலயும் பாதி இங்கிலீஷ். தமிழ்நாட்டுல இத்தனை தமிழ் இருக்குன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது கமல் படங்கள்தான். ஜோக் அடிக்கலை. 'சதிலீலாவதி'யில (1995) கொங்குத் தமிழ். 'மைக்கேல் மதன காமராஜன்'ல (1990) காமேஸ்வரனோட பாலக்காட்டுத் தமிழ். 'தெனாலி'யில (2000) இலங்கைத் தமிழ். 'விருமாண்டி'யில (2004) மதுரைப் பக்கம். அதே வருஷம் 'வசூல்ராஜா'வுல சென்னை. 'பாபநாசம்'ல (2015) நெல்லை.

இதுல வார்த்தை மாறுறது பாதிதான். மீதி எங்க இருக்குன்னா, வாக்கியத்தோட எந்த இடத்துல குரல் ஏறுது, எந்த எழுத்தை இழுக்கிறாங்க, எதை முழுங்குறாங்கங்கிறதுல. கொங்குத் தமிழ்ல "ங்க" சேர்த்துட்டா கோயம்புத்தூர் வந்துடும்னு நாம நினைக்கிறோம். கோயம்புத்தூர் ஃப்ரெண்ட்கிட்ட பேசிக் காட்டுங்க, சிரிப்பான். இழுவை வேற இடத்துல இருக்கும்.

'அவ்வை சண்முகி'யை (1996) எடுத்துக்கோங்க. ஆம்பளைக் குரலோட அடிப்படை அதிர்வெண் சுமாரா 100ல இருந்து 130 ஹெர்ட்ஸ், பெண் குரல் 200 ஹெர்ட்ஸ் பக்கம். சுருதியை மட்டும் மேல ஏத்தினா கார்ட்டூன் மாதிரி கேட்கும். ஏன்னா குரலோட நிறத்தை முடிவு பண்றது தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயோட நீளம், வடிவம். அதுல வர்ற ஒத்ததிர்வுகளுக்கு ஃபார்மன்ட்னு பேர். ஆம்பளைக்குக் குழாய் நீளம். அதைச் சுருக்கணும்னா குரல்வளையைக் கொஞ்சம் மேல தூக்கணும், உதட்டை விரிக்கணும். அதோட ஒரு வயசான மாமியோட மூச்சும் நிதானமும் வேணும். இதையெல்லாம் வச்சுக்கிட்டே காமெடி டைமிங்கும் தப்பக் கூடாது.

'தசாவதாரம்' (2008) பத்து வேஷம்னு எல்லாருக்கும் தெரியும். அதோட தெலுங்குப் பதிப்புல பெரும்பாலான வேஷத்துக்குக் குரல் கொடுத்தது எஸ்.பி. பாலசுப்ரமணியம். தெலுங்கு டப்பிங் படங்கள்ல பல வருஷமா கமலோட குரலே எஸ்.பி.பி.தான். ஆந்திராவுல இருக்கிற ஒரு கமல் ஃபேன் மனசுல இருக்கிற கமல் குரல் வேற! இதை யோசிச்சா எனக்குத் தலை சுத்தும்.

முகம் இல்லாம பேசுறது

நடிகருக்கு முகம் உதவி பண்ணும். கதைசொல்லியா வரும்போது அந்த உதவி கிடையாது. 'பொன்னியின் செல்வன் 1' (2022) ஆரம்பத்துல சோழ தேசத்தையும் அரியணைக்குப் பின்னாடி நடக்குற சிக்கலையும் சொல்ற குரல் கமலோடது. ஹிந்தியில அஜய் தேவ்கன், தெலுங்குல சிரஞ்சீவி, மலையாளத்துல மம்மூட்டி, கன்னடத்துல அனந்த் நாக். முடிஞ்சா அஞ்சையும் அடுத்தடுத்துக் கேளுங்க. மொழி தெரியலைன்னாலும் பரவாயில்லை. யார் எங்க மூச்சு எடுக்கிறாங்கன்னு மட்டும் கவனிங்க.

அந்த இடத்துல வேலை கஷ்டம். நாவல் படிக்காத ஒருத்தருக்கு ஒரு நிமிஷத்துல பேர், உறவு, பகை எல்லாம் போய்ச் சேரணும். நியூஸ் வாசிக்கிற மாதிரி இருந்தா தூக்கம் வரும். நாடக வசனம் மாதிரி இருந்தா தகவல் காணாமப் போயிடும். கமல் பேர்களை அழுத்திச் சொல்லிட்டு, நடுவுல வர்ற சொற்களைத் தாழ்த்தி விட்டுடறார். நாம ப்ரசென்டேஷன்ல இதைத் தலைகீழா பண்றோம். "ஆக்சுவலா", "பேசிக்கலி" எல்லாம் சத்தமா, முக்கியமான டெக்னிக்கல் டெர்ம் வாய்க்குள்ள.

வடக்குலயும் இந்த மாதிரி ஒரு வரலாறு உண்டு. அமிதாப் பச்சன் முகம் காட்டி நடிக்கிறதுக்கு முன்னாடியே மிருணாள் சென்னோட 'புவன் ஷோம்' (1969) படத்துக்குக் கதைசொல்லியா குரல் கொடுத்தார். அப்புறம் சத்யஜித் ரேயோட 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977), 'லகான்' (2001). முகத்தை விடக் குரல் முன்னாடி வந்து சேர்ந்த நடிகர்.

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். "கமல் பேசுறது புரியலை"ன்னு வர்ற மீம் எல்லாம் எனக்கும் வரும், நானும் சிரிப்பேன். ஆனா நல்லா கவனிங்க. வாக்கியம் சுத்திச் சுத்திப் போகலாம், ஒரு எழுத்துகூட மங்காது. ல, ள, ழ மூணும் தனித்தனியா கேட்கும். அர்த்தம் புரியாமப் போறது வேற, சத்தம் கேட்காமப் போறது வேற.

கொடையில இருந்து வர்ற இன்னொரு குரல்

பழனி மலைக்கும் குரலுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. அகில இந்திய வானொலியோட கோடை பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ். மதுரை, திண்டுக்கல், திருச்சிப் பக்கம் பஸ்ல வளர்ந்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டுல போகும், பூமி வளைஞ்சு மறைச்சா அவ்வளவுதான். அதனால உயரம்தான் எல்லாம். உயரத்தை மீட்டர்ல எடுத்து, ஸ்கொயர் ரூட் போட்டு, 4.12 ஆல பெருக்கினா கிலோமீட்டர்ல ரேடியோ அடிவானம் கிடைக்கும். 2,100 மீட்டர் உயரத்துக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 189 கிலோமீட்டர். கொடைக்கானல்ல இருந்து மதுரை நேர்க்கோட்டுல சுமார் 77, திருச்சி சுமார் 145. ரெண்டும் உள்ளே வருது. ஒரே மலை. குழிக்குள்ள இருந்து நூறு அடி மேல ஏற முடியாத குரல், உச்சியில ஒரு ஆன்டெனா வச்சா அரைத் தமிழ்நாட்டுக்குக் கேட்குது.

எனக்கு இதுல என்ன?

ஃபர்ஸ்ட் இயர் பொங்கல் விழாவுல ஒரு குறும்படத்துக்கு லைவா வர்ணனை பண்ணச் சொன்னாங்க. தமிழ் ஸ்கிரிப்டை இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சுக்கிட்டு எக்ஸ்பிரஸ் ட்ரெயின் மாதிரி வாசிச்சேன். காலி ஆடிட்டோரியத்துல ரிகர்சல், அங்கேயே யாருக்கும் ஒண்ணும் புரியலை. "எந்த பாஷைடா அது?"ன்னு ஒரு சீனியர் கேட்டார். ஃபங்ஷன் அன்னைக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் தமிழ்ல மைக் பிடிக்கலை.

பின்னாடிதான் சபைன் கதையைப் படிச்சேன். 1895ல ஹார்வர்டுல ஒரு லெக்சர் ஹால்ல பேசுறது யாருக்கும் புரியலைன்னு, வாலஸ் சபைன்ங்கிற இளம் ஃபிசிக்ஸ் ஆசிரியர்கிட்ட சரி பண்ணச் சொன்னாங்க. அவர் ராத்திரி ராத்திரியா பக்கத்து அரங்கத்துல இருந்து சீட் குஷனைத் தூக்கிட்டு வந்து போட்டு, ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்தார். அதுல பிறந்ததுதான் அந்த ஃபார்முலா: 0.161 பெருக்கல் அறையோட கன அளவு, வகுத்தல் மொத்த உறிஞ்சல். 30க்கு 20க்கு 8 மீட்டர் ஆடிட்டோரியம்னா 4,800 கன மீட்டர். காலியா இருக்கும்போது உறிஞ்சல் 300 சதுர மீட்டர்னு வச்சா 2.6 செகண்ட். வேகமா பேசுறவர் அந்த நேரத்துல 15 எழுத்து பேசிடுவார். ஆளுக்கு அரை சதுர மீட்டர்னு 600 பேர் உட்கார்ந்தா உறிஞ்சல் 600 ஆகும், நேரம் 1.3 செகண்டா பாதியாகும். ரிகர்சல்ல நான் பேசினது என்னைப் பொறுத்தவரைக்கும் குணா குகைக்குள்ளதான்.

இந்த வருஷம் முத்தமிழ் விழாவுக்கு மறுபடி வர்ணனை வாய்ப்பு வந்தது. "எதுக்கு ரிஸ்க், ஏ.ஐ.ல கமல் குரலையே க்ளோன் பண்ணிடலாம்"னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னான். டெமோவும் போட்டுக் காட்டினான். சத்தியமா ஒரு செகண்ட் ஆசை வந்துச்சு. ஆனா 'லால் சலாம்' (2024) பாட்டுக்கு மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஐ.ல கொண்டு வந்தப்ப ஏ.ஆர். ரஹ்மானே குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததா சொன்னார். நாங்க யார்கிட்ட கேட்டோம்? அது போக, அந்த டெமோவை ரெண்டு தடவை கேட்டா வித்தியாசம் தெரிஞ்சுது. நிறம் கமல் மாதிரியே இருந்தது. இடைவெளி எல்லாம் கமாப் புள்ளி இருக்கிற இடத்துல மட்டும் சரியா விழுந்தது. யோசிக்கிறதுக்காக யாரும் அங்க நிக்கலை.

நானே பண்ணினேன். ஸ்கிரிப்டை இந்தத் தடவை தமிழ் எழுத்துலயே எழுதினேன். துண்டு துண்டா பிரிச்சு, நடுவுல பென்சில் கோடு போட்டேன். கோடு வந்தா மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு எண்ணிட்டு அடுத்த துண்டு. மைக் கிட்ட, குரல் தாழ. ரெண்டு இடத்துல ழ வழுக்குச்சு. ஆனா மூணாவது நிமிஷம் கடைசி வரிசையில ரீல்ஸ் பார்த்துக்கிட்டிருந்த ஒரு பையன் போனை மடியில கவுத்து வச்சதை மேடையில இருந்தே பார்த்தேன்.

சரி, இப்போ உங்க டர்ன். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, ஹெட்போன் போட்டு அந்தப் பாட்டை ஒரு தடவை கேளுங்க. வரியை விட்டுடுங்க, கமல் பேசாம இருக்கிற இடங்களை மட்டும் எண்ணுங்க. எனக்கு வந்த எண்ணிக்கையை இங்க எழுத மாட்டேன். கேன்டீன்ல பார்த்தா சொல்லுங்க, ஒத்துப் பார்க்கலாம்.